டைஜஸ்டில் வரும் தெர்த்தூலியன் யார்?

திருச்சபைத் தந்தை (தொடக்ககாலக் கிறிஸ்தவ ஆசிரியர்) தெர்த்தூலியனைப் பற்றி எழுதும்போது, ரோமச் சட்டத் தொகுப்பில் மேற்கோளாக இடம்பெற்ற சட்ட அறிஞர் அவர் என்று ஒரு வரி சேர்ப்பது பலருக்கு வழக்கம். மெய்ப்புப் பார்ப்பவர் அந்த வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அந்தத் தொகுப்புதான் டைஜஸ்ட்: பழைய சட்ட அறிஞர்களின் நூல்களிலிருந்து எடுத்த துணுக்குகளைத் திரட்டிப் பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு துணுக்கின் தலையிலும் ஆசிரியர், நூல், பகுதி எண் ஆகியவை இருக்கும். தெர்துல்லியானுஸ் பெயரில் வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, 1.3.27 அவற்றில் ஒன்று. எடுக்கப்பட்ட நூல்கள் இரண்டே: ஒன்று, சட்டச் சிக்கல்களை ஆராயும் 'வினாக்கள்', மற்றது, தந்தையின் அதிகாரத்துக்குட்பட்ட மகன் படைப்பணியில் ஈட்டிய தனிச்சொத்தைப் பற்றியது. இரண்டிலும் சமயவாடையே இல்லை.

பிறகு ஏன் குழப்பம்? இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். கார்த்தேஜ்காரரான திருச்சபைத் தந்தை கிறிஸ்தவருக்காக வாதாடி எழுதிய 'அப்பொலொகெத்திகும்' 197-ஐ ஒட்டியது. சட்ட அறிஞரான தெர்துல்லியானுஸை இன்னொரு சட்ட அறிஞரான உல்பியன் மேற்கோள் காட்டுவதால், தெர்துல்லியானுஸ் எழுதியது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. போதாக்குறைக்கு, தெர்த்தூலியன் ரோமச் சட்டங்களில் தேர்ந்தவர் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எழுதிவைத்தார். ஆனால் சொற்கலை பயின்ற அன்றைய எவருக்கும் சட்டச் சொற்கள் கைவந்தவை. தெர்த்தூலியனின் வாழ்க்கைக் குறிப்பைத் தனியே எழுதிய திருச்சபை அறிஞர் ஜெரோம், சட்ட நூல் எதையும் அவர் பெயரில் சொல்லவில்லை. ஒருவரே என்பாரும் உண்டு. இன்று ஆய்வாளரில் பெரும்பாலோர் இருவர் என்றே கொள்கிறார்கள். ஆகவே 'அவரே இவர்' என்று உறுதியாக அச்சிடுவது தவறு. சட்ட அறிஞரை லத்தீன் வடிவில் தெர்துல்லியானுஸ் என்றும், திருச்சபைத் தந்தையைத் தெர்த்தூலியன் என்றும் எழுதி, பெயரடைவில் இரண்டு பதிவாகவே வைப்பது நல்லது.

இதே பெயர்ச்சாயலில் இன்னொரு பொறி, 'தெர்துல்லியானும்' எனப்படும் ரோமச் செனட் தீர்மானம். மூன்று பிள்ளை பெற்ற தாய்க்கு (விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணென்றால் நான்கு), உயில் எழுதாமல் இறந்த பிள்ளையின் சொத்தில் வாரிசுரிமை தந்தது அது. பேரரசர் ஹாத்ரியன் காலத்தது, அதாவது 138-க்கு முந்தியது. திருச்சபைத் தந்தை அப்போது பிறந்திருக்கவே மாட்டார். தெர்துல்லுஸ் என்ற கான்சலின் (ரோம உயர் பதவியாளரின்) பெயரிலிருந்து வந்த சொல் அது.

தமிழ் வேதாகமத்தில் காயு என வரும் கையுஸ் என்ற பெயர் இதைவிட எளிய சிக்கல். ரோமரிடம் அது நம் முருகேசன் மாதிரி. இனிஷியல் கேட்காமல் ஆளைச் சொல்ல முடியாது. அப்போஸ்தலர் 19:29-இல் வரும் காயு மக்கெதோனியர், 20:4-இல் வருபவர் தெர்பையர். பவுலை உபசரித்த காயுவை ரோமர் 16:23-இல் காண்கிறோம். 3 யோவான் இன்னொரு காயுவுக்கு எழுதியது. 'இன்ஸ்டிட்யூட்ஸ்' எழுதிய சட்ட ஆசிரியர் கையுஸ் 161-ஐ ஒட்டி எழுதியவர். அவருக்குக் கிடைத்திருப்பதும் அந்த ஒற்றைப் பெயர்தான். கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியுஸ் எழுதியதும் 'இன்ஸ்டிட்யூட்ஸ்'தான் என்பதால் நூற்பெயரை மட்டும் நம்பி அடிக்குறிப்பு போடக் கூடாது.

426-இல் வெளிவந்த மேற்கோள் சட்டம், பாப்பினியன், பாலுஸ், கையுஸ், உல்பியன், மொதெஸ்தினுஸ் ஆகிய ஐவரின் நூல்களை நீதிமன்றத்தில் அதிகாரபூர்வமாக்கியது. பிறப்பித்தவர்கள் கிறிஸ்தவப் பேரரசர்கள். பாலுஸைப் 'பவுல்' என்று பெயர்த்துவிட்டால், வாசகர் அப்போஸ்தலரையே நினைப்பார். இவர் 3ஆம் நூற்றாண்டின் யூலியுஸ் பாலுஸ்.

எதிர்த்திசையிலும் வழுக்கும். கிறிஸ்தவருக்கு எதிரான அரசாணைகளைத் தன் நூலின் ஏழாம் பகுதியில் திரட்டியவர் என்று லாக்டான்டியுஸ் சாடும் 'தொமித்தியுஸ்' யாரோ புது ஆளல்ல. டைஜஸ்ட் எடுத்தாளும் உல்பியன்தான். முழுப்பெயர் தொமித்தியுஸ் உல்பியானுஸ். அந்த நூல் மாகாண ஆளுநரின் கடமைகளைப் பற்றியது. இங்கே பெயரடைவில் இரண்டு பதிவு போட்டால் அதுதான் பிழை.