விரலில் மாட்டுவது சுவாசமானி அல்ல

ஆம்புலன்ஸில் ஏற்றியதும் நோயாளியின் விரலில் மாட்டும் கிளிப்பைச் 'சுவாசமானி' என்று மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுகிறார்கள். அது சுவாசத்தை அளப்பதே இல்லை.

அதன் பெயர் பல்ஸ் ஆக்சிமீட்டர். பல்ஸ் என்பது நாடி, ஆக்சி என்பது ஆக்சிஜன், மீட்டர் என்பது மானி. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி வகுத்த வழி இது: சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளைத் திசுவின் ஊடே செலுத்தி, நாடியோடு ஏறியிறங்கும் பகுதியைப் பிரித்து, குருதியின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கணக்கிடுவது. மூச்சு இதில் எங்கே வந்தது?

முகமூடி வழியே ஆக்சிஜன் பெறுபவருக்கு மூச்சு நின்றாலும், நுரையீரலில் உள்ள இருப்பு கரையும்வரை, சில நிமிடங்கள்கூட, எண் 97, 98 என்றே நிற்கும். பிறகு மடமடவெனச் சரியும். 'சுவாசமானி 98 காட்டுகிறது' என்று படிப்பவர் மூச்சு நன்றாக இருக்கிறது என்றுதானே எடுத்துக்கொள்வார்? போதாக்குறைக்கு, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டருக்கும் இதே பெயர். 'குருதி ஆக்சிஜன்மானி' என்றால் குழப்பமில்லை.

மார்பில் ஒட்டும் உணரியை 'மூச்செண்ணி' எனலாம். மின்முனைகளுக்கு இடையே மார்பு விரிந்து சுருங்குவதை அது எண்ணுகிறது, அவ்வளவே. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 இயல்பு. வண்டி பள்ளத்தில் குலுங்கினாலும், மார்பை அழுத்தி உயிர்மீட்பு செய்தாலும், அதையும் மூச்சாக எண்ணிவிடும். தொண்டை அடைத்துக் காற்றே போகாமல் மார்பு மட்டும் எழும்பினாலும் எண் வரும். ஐயம் வந்தால் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவதே வழி.

உண்மையில் காற்று போய்வருவதைக் காட்டுவது கேப்னோகிராஃப். கிரேக்கத்தில் கப்னோஸ் என்றால் புகை. அதைப் பிடித்துக்கொண்டு 'புகைவரைவி' என்று ஆக்குவது தனித்தமிழ் அல்ல, அகராதிக்கு அடிமைப்படுவது. வண்டியின் புகைச் சான்றிதழுக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அலையாக வரைவதால் 'வெளிமூச்சு வளிவரைவி' என்பேன். மூச்சின் முடிவில் அந்த வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் இருப்பது இயல்பு. மூச்சு நின்றால் அடுத்த அலையே எழாது. வெளிமூச்சைக் கருவிக்குக் கொண்டுபோகும் மாதிரிக்குழாயை ஈரமோ சளியோ அடைத்தாலும் அலை படுத்துவிடும். ஆகவே முதலில் நோயாளியைப் பாருங்கள், பிறகு குழாயை.

'அணியக்கூடிய கண்காணிப்புச் சாதனம்' என்று நீட்டி முழக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு 'அணிகருவி' போதாதா? அந்தச் சொல்லுக்கு முன்னால் எதை அளக்கிறது என்பதைச் சேர்த்தால் சரி.