வயல் நத்தைக்குத் தாவர மருந்து: தண்ணீர்க் கணக்கு தெரிந்து இடுங்கள்

மட்டக்களப்பின் படுவான்கரை வட்டைகளில் (வயல்வெளிகளில்) விதைப்பு தொடங்கியதும், இளம்பயிரைத் தின்னும் நத்தைக்குக் கடை மருந்து வாங்காமல் என்ன செய்யலாம் என்று கேட்டு விவசாயிகள் வருவது வழக்கம். பெரும்பாலும் கேள்வியோடு கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்முறையையும் காட்டுவார்கள். வேப்பிலை, எருக்கிலை, புகையிலை ஆகியவற்றைப் பத்து லீற்றர் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஓர் ஏக்கருக்குத் தெளிக்குமாறு அதில் சொல்லப்பட்டிருக்கும். 2021இல் இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிக்கும் இறக்குமதித் தடை வந்த காலத்திலிருந்து இத்தகைய குறிப்புகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சில தாவரங்களுக்கு நத்தையைக் கொல்லும் ஆற்றல் இருப்பது உண்மைதான். ஆனால் எந்தத் தாவரம், எவ்வளவு தண்ணீரில், வயலின் எந்த இடத்தில் என்பவற்றைக் கவனிக்காமல் இடும் மருந்து, ஒன்றில் நத்தையை எதுவும் செய்யாது, அல்லது நத்தையோடு வாய்க்கால் மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் நத்தை எதுவென்று பார்க்கவேண்டும். உலகின் நெல் வயல்களில் பெரும் சேதம் செய்வது தென்னமெரிக்காவைச் சேர்ந்த பொன் அப்பிள் நத்தையாகும். 1980களில் உணவுக்காக வளர்க்கலாம் என்று தாய்வான், ஜப்பான், பிலிப்பைன்ஸ், வியட்நாம் முதலிய நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட இந்நத்தை, வாங்குவோர் இல்லாமற்போனபோது தொட்டிகளிலிருந்து வாய்க்கால்களுக்குப் பரவி, உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. இதன் உறவினமான போமேசியா டிஃபியூசா என்னும் மீன்தொட்டி நத்தை இலங்கை நீர்நிலைகளிலும் பதிவாகியுள்ளது. நம் குளங்களில் தொன்றுதொட்டு வாழும் நாட்டு நத்தை வேறு. அது வரம்போரத்து ஈரமண் குழிகளில் வெண்ணிற முட்டைகளை இடும்; ஓட்டின் வாயை அடைக்கும் அதன் வாய்மூடி சுண்ணாம்பு போலத் தடித்துக் கடினமாக இருக்கும். பொன் அப்பிள் நத்தையோ நீர்மட்டத்துக்கு மேலே தண்டிலும் கம்பிலும் வாய்க்கால் கட்டிலும் இளஞ்சிவப்பு முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். அதன் வாய்மூடி கொம்புப்பொருள் போல மெல்லியதாக வளையும். ஓட்டின் சுருள்களுக்கிடையில் ஆழமான பள்ளமும் தெரியும். நாட்டு நத்தை நாரைகளின் இரை. அதைக் கண்டவுடன் மருந்து கலக்க ஓடுவது வீண் வேலை.

பொன் அப்பிள் நத்தை நெல்லை எல்லாக் காலத்திலும் தின்பதில்லை. நேரடியாக விதைத்த வயலில் முதல் 30 நாட்களும், நாற்று நட்ட வயலில் முதல் 15 நாட்களுமே ஆபத்தான காலம். தண்டு முற்றியபின் அதன் பல் ஏறாது. நம் பகுதியில் பெரும்பாலான வயல்கள் விதைப்பு வயல்களாக இருப்பதால், நாம் காக்கவேண்டிய காலமும் நீளமானது.

தாவரங்களுள் நத்தைக்கு எதிராக நம்பத்தக்கவை சப்போனின் நிறைந்தவை. தண்ணீரில் சவர்க்காரம் போல நுரைக்கும் இப்பொருள், நத்தையின் செவுளையும் மென்மையான உடற்பரப்பையும் சிதைக்கிறது. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் தேயிலை இன விதைகளிலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு நெருக்கமான மூலப்பொருள் இலுப்பைப் பிண்ணாக்கு. இலுப்படிச்சேனை என்று ஓர் ஊரே இருக்கும் மாவட்டத்தில் இலுப்பையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பூவந்திக் கொட்டையின் தோலிலும் சப்போனின் உண்டு. வாங்கிய பிண்ணாக்கில் வீரியம் இருக்கிறதா என்று அறிய, ஒரு பிடியைப் போத்தலில் தண்ணீருடன் இட்டு நன்றாகக் குலுக்கினால் போதும். நுரை நெடுநேரம் நிற்கவேண்டும், உடனே அடங்கிவிட்டால் அதை உரமாக மட்டும் போடலாம். வேம்பு பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுப்பதில் சிறந்ததாயினும், வெயிலில் விரைவாகச் சிதையும். பூச்சிக்கு வேலை செய்யும் அளவுக்கு அது நத்தைக்கும் வேலை செய்யும் என்று நான் நம்பிக்கை கொடுப்பதில்லை.

இனித் தண்ணீர்க் கணக்கு. ஓர் ஏக்கர் வயலில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஏறத்தாழ 2 லட்சம் லீற்றர். பத்து லீற்றர் கரைசலை அதில் தெளித்தால் இருபதாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்துவிடும். அதில் எந்த மூலிகை இருந்தாலும் நத்தைக்கு உறைக்காது. மீன்குளத்தைத் தயார்செய்யும்போது வேண்டாத மீன்களை அழிக்க, லீற்றருக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை இலுப்பைப் பிண்ணாக்கு இடுவார்கள். அதே செறிவை ஏக்கர் முழுவதும் உண்டாக்க 40 முதல் 50 கிலோ வேண்டும். செலவு ஒருபுறம் இருக்க, அவ்வளவு நஞ்சு கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு எங்கே வடிப்பது?

ஆகவே மருந்தைப் பெருக்குவதைவிடத் தண்ணீரைச் சுருக்குவதே அறிவுடைமை. கடைசி மட்டப்படுத்தலின்போது, 10 முதல் 15 மீற்றருக்கு ஒன்றாக, 25 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட சிறு கால்களை (வாய்க்கால்களை), மண் நிரப்பிய சாக்கை இழுத்து அமைத்துக்கொள்ளலாம். மேட்டில் தண்ணீர் வடிந்ததும் நத்தைகள் இக்கால்களுக்குள் இறங்கிவிடும். ஏக்கருக்கு 300 முதல் 400 மீற்றர் நீளத்துக்குக் கால்கள் இருந்தாலும் அவற்றில் நிற்பது 5000 லீற்றருக்கு மேற்படாது. மேற்சொன்ன செறிவுக்கு ஒன்றேகால் கிலோ பிண்ணாக்கே போதும். உண்மையில், நத்தைகள் கால்களில் திரண்டபின் பெரியவற்றைக் கையால் பொறுக்குவதே பாதி வேலையை முடித்துவிடும். மாலையில் பப்பாசி இலையையோ சேம்பு இலையையோ கால்களில் போட்டுவைத்தால், காலையில் நத்தைகள் அதில் மொய்த்துக் கிடக்கும். கையுறை அணிந்து பொறுக்கவேண்டும். எலியின் நுரையீரற் புழுவை இந்நத்தைகள் சுமப்பதுண்டு, அது மனித மூளையுறையைத் தாக்கக்கூடியது.

மீன் குளத்துக்கான அளவு நத்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், முதலில் இரண்டு பேசின்களில் உங்கள் வயல் தண்ணீரையும் சில நத்தைகளையும் இட்டு, ஒன்றில் மட்டும் ஊறவைத்த பிண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். வாய்மூடியை இறுக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பதைச் சாவென்று எண்ணிவிடக்கூடாது. நல்ல தண்ணீருக்கு மாற்றி ஒரு நாள் வைத்தால் பிழைத்தெழுபவை எவையென்று தெரிந்துவிடும்.

தாவரத்திலிருந்து வருவதால் தீங்கில்லை என்ற எண்ணம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. சப்போனின் மீனின் இரத்தத்தை நேரடியாகத் தாக்கும். இறாலைவிட மீன் பலமடங்கு குறைந்த அளவிலேயே சாகும். இறால் வளர்ப்போர் குளத்தில் இறாலை விட்டுவைத்து மீனை மட்டும் அழிக்கத் தேயிலை விதைப் பிண்ணாக்கை இடுவது இதனாலேயே. இலுப்பைப் பிண்ணாக்கின் நஞ்சு தணிய இரண்டு, மூன்று வாரங்கள் செல்லும். நம் வயல்களின் வடிச்சல் இறுதியில் வாவிக்கே போகிறது. பெரும்போகத்தில், கார்த்திகை, மார்கழி மழை எந்த இரவில் வரம்பைத் தாண்டும் என்று சொல்லமுடியாத நிலையில், இதை இடவேண்டாம் என்பதே என் ஆலோசனை. அப்போது நீர் நுழைவாயிலில் வலை கட்டுவதும், பொறுக்குவதும் போதும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களிலிருந்து முறைப்படி நீர் வரும் சிறுபோகத்தில் கடவையை அடைத்து நீரை நிறுத்திவைக்க முடியும். அப்போதும் அயல் வயற்காரருக்கும் வட்டையின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யவேண்டும்.

புகையிலைக் கரைசலை நான் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள நிக்கொட்டின் தோல்வழியே உடலில் ஏறி வாந்தியும் மயக்கமும் உண்டாக்கும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. காட்டாமணக்கு விதையை வீட்டில் அரைத்து வைப்பது சிறுபிள்ளைகள் உள்ள இடத்தில் ஆபத்து. ‘இயற்கை நத்தை மருந்து’ என்று லேபிள் இல்லாமல் போத்தலில் விற்பதை வாங்கவேண்டாம்; 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு பெறாத பீடைகொல்லியை விற்க முடியாது.

தண்ணீரில் இடும் எந்த மருந்தும், தண்ணீருக்கு மேலே இருக்கும் முட்டையைத் தொடாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். முட்டைகள் 7 முதல் 14 நாட்களில் பொரிக்கும். வாய்க்காலோரத்தில் சில கம்புகளை நட்டுவைத்தால் அவற்றில் முட்டையிடும். வாரத்துக்கு ஒருமுறை அவற்றைச் சுரண்டி நசுக்கிவிடலாம். பயிர் ஒரு மாதம் தாண்டி வேரூன்றியபின், பூக்கும் வரை தாராக்களை (வாத்துகளை) இறக்கிவிட்டால் சிறு நத்தைகளை அவை பார்த்துக்கொள்ளும். பிண்ணாக்கு இட்ட கால்களில் நஞ்சு தணியுமுன் மட்டும் இறக்கவேண்டாம். இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தை உங்கள் வட்டையில் முதன்முதலாகக் கண்டால், படம் எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். உயிருள்ள நத்தையைப் பையில் போட்டு ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லவேண்டாம்.