எந்த மாசு என்று கேளுங்கள்

"படலத்தில் மாசு இருக்கிறது" என்பதோடு நிறுத்தினால் ஒன்றுமே சொன்னதாகாது. மீக்கடத்தி என்பது மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதன் மெல்லிய படலத்தின் காந்தக் குணத்தை ஒவ்வொரு மாசும் ஒவ்வொரு விதமாக மாற்றுகிறது.

நியோபியத்தையே எடுத்துக்கொள்வோம். தூய நியோபியம் சுமார் 9.2 கெல்வினில் மீக்கடத்தியாகும். அதில் ஒரு அணு சதவீதம் ஆக்சிஜன் கரைந்தாலே அந்த வெப்பநிலை கிட்டத்தட்ட 0.9 கெல்வின் இறங்கிவிடும். கூடவே எலக்ட்ரான்கள் அதிகம் சிதறுவதால் காந்தப்புலம் உள்ளே நுழையும் ஆழமும் கூடும், மேல் மாறுநிலைப் புலமும், அதாவது மீக்கடத்தல் தாங்கும் உச்சக் காந்தப்புலமும், கூடும். அதனால் "அதிகப் புலத்தைத் தாங்குகிறதே" என்று நாம் மகிழ்கிற படலம் வெறும் அழுக்குப் படலமாக இருக்கலாம். படலத்தைப் படியவைக்கும் வெற்றிட அறையில் மிஞ்சியிருக்கும் நீராவியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அடித்தளத்தை (படலம் படியும் தட்டை) மறைக்கும் ஷட்டரை மூடிவைத்துச் சில நிமிடம் ஸ்பட்டர் செய்தால், அதாவது அயனிகளால் மோதி நியோபிய அணுக்களைத் தெறிக்கவைத்தால், அறைச்சுவரில் படியும் நியோபியமே மிச்ச ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அவசரத்தில் அந்த நிமிடங்களைக் குறைக்காதீர்கள்.

இரும்பு, கடோலினியம் போன்ற காந்த மாசு வேறு ரகம். மீக்கடத்தலுக்குக் காரணமான எலக்ட்ரான் ஜோடிதான் கூப்பர் இணை. அதில் இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருக்கும். காந்த அணு அதைப் புரட்டி இணையையே உடைத்துவிடும். லந்தனத்தின் மீக்கடத்தலை அழிக்க சுமார் ஒரு சதவீதம் கடோலினியமே போதும் என்று 1958இல் மத்தியாஸ் குழு காட்டியது. சாதாரண மீக்கடத்திகளில் காந்தமற்ற மாசு இணையை உடைப்பதில்லை என்று மறு ஆண்டு ஆண்டர்சன் விளக்கினார். ஆக்சிஜன் நியோபியத்தை இறக்குவதும் இணையை உடைத்து அல்ல, உலோகத்தின் எலக்ட்ரான் அமைப்பையே மாற்றித்தான். உயர்வெப்ப மீக்கடத்தியான இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடில் இந்த விதி செல்லாது. அங்கே காந்தமற்ற துத்தநாகமே பெரிய எதிரி. அதே படலத்தில் பேரியம் சிர்க்கோனேட் நுண்துகள்களை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், உள்ளே நுழையும் காந்தப்புல இழைகளான காந்தச் சுழல்களை நகரவிடாமல் பிடித்து வைக்க.

அப்புறம், படலத்துக்குள் இல்லாத மாசு. எஃகு இடுக்கியால் ஓரத்தைப் பிடித்தாலே இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் ஸ்குவிட் கருவி அதையும் சேர்த்தே அளக்கும். ஹாஃப்னியம் ஆக்சைடு படலத்தில் காந்தம் கண்டதாக 2004இல் ஒரு கட்டுரை வந்தது. தூய படலத்தில் அப்படி இல்லை, எஃகு இடுக்கி பட்டால் அதுபோன்ற சைகை வரும் என்று 2005இல் இன்னொரு குழு காட்டியது. பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கி வாங்குவது பெரிய செலவில்லை. நியோபியம் என்றால் 15 கெல்வினிலும் ஒருமுறை காந்தத் தயக்க வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறும் கோடு) எடுங்கள். அங்கே மீக்கடத்தல் இல்லை. அப்படியும் வளையம் திறந்தே இருந்தால், படலம் படியாத வெற்று அடித்தளம் ஒன்றை அதே இடுக்கியால் பிடித்து அளந்து பாருங்கள்; அதிலும் வளையம் திறந்திருந்தால் மாசு படலத்தில் இல்லை, வெளியிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம்.