அப்போலஜெட்டிக்ஸ்: விசுவாசத்துக்கு நியாயம் சொல்லுதல்

சபைகளின் வாலிபர் கூட்டங்களிலும் வேதாகமக் கல்லூரிகளிலும் 'அப்போலஜெட்டிக்ஸ்' என்ற சொல் இப்போது சரளமாகப் புழங்குகிறது. கடவுள் இருக்கிறாரா, இயேசு உயிர்த்தெழுந்தது உண்மையா, நல்லவர் ஏன் துன்பப்படுகிறார் என்ற கேள்விகளுக்கு அறிவுபூர்வமாகப் பதில் சொல்லும் துறை என்பது அதன் பொருள். ஆனால் 'அப்பாலஜி' என்றால் மன்னிப்புக் கேட்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் தடுமாற்றம் தருகிறது. கிறிஸ்தவர்கள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

மன்னிப்பு என்ற பொருள் பிற்பாடு ஆங்கிலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. மூலச்சொல் கிரேக்கத்தின் 'அப்போலோகியா'. அது ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வழங்கிய சொல். வழக்குத் தொடுத்தவர் குற்றத்தை அடுக்கிப் பேசுவது 'கத்தேகோரியா'. அது முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து தன் பக்கத்தைச் சொல்வது அப்போலோகியா. அவருக்காக வாதாடத் தொழில்முறை வக்கீல் கிடையாது. அவரேதான் பேச வேண்டும். இருவர் பேச்சையும் தண்ணீர்க் கடிகாரம் வைத்து அளந்தார்கள். கி.மு. 399-இல் சாக்ரடீஸ் இப்படித்தான் நின்று பேசினார். பிளேட்டோ எழுதிவைத்த அந்தப் பேச்சுக்கும் பெயர் அப்போலோகியாதான். அதில் சாக்ரடீஸ் யாரிடமும் கெஞ்சவில்லை. தான் செய்தது ஏன் சரி என்று விளக்கினார்.

இந்தச் சொல்லுக்குள் 'லோகோஸ்' இருக்கிறது. சொல், காரணம், கணக்கு, பகுத்தறிவு எல்லாம் அதன் பொருள்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு புதிய ஏற்பாட்டின் 1 பேதுரு 3:15-ஐப் படித்தால் வசனம் புதிதாகத் திறக்கும். உங்கள் நம்பிக்கையைக் குறித்து ஒருவர் கேட்பது லோகோஸ். நீங்கள் தர வேண்டியது அப்போலோகியா. ஒருவர் காரணம் கேட்கிறார், மற்றவர் காரணம் சொல்கிறார். தமிழின் பழைய மொழிபெயர்ப்பு இதை 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல' என்கிறது. அன்று உத்தரவு என்றால் மறுமொழி. இன்றைய வாசகர் அதைக் கட்டளை என்று படித்துவிடுகிறார். வசனத்தின் தொனியே தலைகீழாகிறது. பின்னால் வந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'விடை அளிக்க' என்று எழுதியிருப்பது தெளிவு.

முதலில் இந்தச் சொல்லைத் தாங்கியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு எழுதிய நூலின் பெயரே அப்போலோகியா. கிறிஸ்தவர்களை நாத்திகர் என்று பழித்த காலம் அது. பெயரை மட்டும் பார்த்துத் தண்டிக்காதீர்கள், செய்ததை விசாரியுங்கள் என்பது அதன் வேண்டுகோள். யுஸ்தீன் தத்துவ ஆசிரியர். கிறிஸ்தவரான பிறகும் தத்துவஞானியின் மேலங்கியைக் கழற்றவில்லை. சுமார் 165-இல் ரோமில் கொல்லப்பட்டார்.

பிறகு சபை நிலைபெற்றதும் இந்த வழக்கு நீதிமன்றத்தை விட்டுக் கல்விக்கூடத்துக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளர் கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஐந்து வழிகளைச் சொன்னார். அவற்றில் ஒன்று இது: இருக்கிற பொருள்களில் பல இல்லாமலும் போயிருக்கலாம். எல்லாமே அப்படிப்பட்டவையென்றால், ஒரு காலத்தில் எதுவுமே இருந்திருக்காது. ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வராது. ஆகவே இல்லாமலிருக்கவே முடியாத ஒன்று இருந்தாக வேண்டும். இந்த வாதத்தைப் பிற்காலத் தத்துவஞானிகளான ஹியூமும் காண்டும் கடுமையாகத் தாக்கினார்கள். தத்துவத் துறையில் அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

இந்த வழி எங்கே நிற்கிறது என்பதில் அக்வினாஸ் நேர்மையாக இருந்தார். கடவுள் இருக்கிறார் என்பது வரை பகுத்தறிவு போகும். அவர் பிதா, குமாரன், ஆவி என மூவராயிருக்கும் ஒரே கடவுள், அதாவது திரித்துவர், என்பதைப் பகுத்தறிவு நிரூபிக்காது, அது கடவுளே வெளிப்படுத்தினால் மட்டுமே தெரிவது என்றார். வலுவில்லாத வாதத்தைக் கொண்டு அதை நிரூபிக்கப் போனால், இதை நம்பித்தான் கிறிஸ்தவர்கள் விசுவாசிக்கிறார்களா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றும் எச்சரித்தார். இன்று மேடையில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் 'நிரூபித்து' இறங்குகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய இடம் இது.

அப்போலஜெட்டிக்ஸைத் தமிழில் என்ன சொல்வது? 'மன்னிப்பியல்' முழுத் தவறு. 'தற்காப்புவாதம்' என்றால் ஏதோ அடிக்கு அஞ்சி ஒதுங்குவது போல இருக்கிறது. 'காப்புரை' பரவாயில்லை, ஆனால் அதில் காவல் இருக்கிறது, காரணம் இல்லை.

தமிழுக்கு இந்த வேலை புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி தம் மார்க்கத்தின் மீது வந்த பழிகளை மறுத்துத் 'தூஷண திக்காரம்' எழுதினார். கிறிஸ்தவர்கள் சைவத்தின் மீது வைத்த பழிகளுக்கு யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் என்பதால் விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். எதிரெதிர்த் தரப்பில் இருந்தாலும் இரண்டும் அசல் அப்போலோகியாக்கள். ஆனால் இரு பெயர்களும் பழியை நீக்குவதோடு நின்றுவிடுகின்றன.

சரியான சொல் பழைய தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது. எருசலேமில் பவுலைக் கொல்லத் துரத்திய கூட்டத்திடம், கோட்டைப் படிகளில் நின்று அவர் சொல்கிறார்: 'நான் இப்பொழுது உங்களுக்குச் சொல்லப்போகிற நியாயங்களுக்குச் செவிகொடுங்கள்' (அப்போஸ்தலர் 22:1). அந்த 'நியாயங்கள்' கிரேக்கத்தில் அப்போலோகியா. 'உன் பக்க நியாயத்தைச் சொல்' என்று வீட்டிலும் பஞ்சாயத்திலும் நாம் பேசுவதும் இதே பொருளில்தான். வழக்கும் காரணமும் நேர்மையும் ஒரு சொல்லில் அடங்குகின்றன.

ஆகவே பேச்சுக்கு அல்லது நூலுக்கு 'விசுவாச நியாயவுரை', செய்பவருக்கு 'நியாயவுரையாளர்' என்பேன். துறையை 'விசுவாச நியாயவியல்' எனலாம். 'விசுவாச' என்ற அடையை மட்டும் விடக்கூடாது, ஏனென்றால் வெறும் நியாயவியல் இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனத்தோடு குழம்பிவிடும்.