மேல ஒருத்தன் நிக்கிறானா?

நாங்கள் எல்லோரும் 'காக்கா', அதாவது அண்ணன், என்று கூப்பிட்ட பெரியவர் மறைந்து நாற்பது நாள் ஆகிறது. கீழக்கரையிலிருந்து பெரியபட்டினம் வரை சங்கு குளிக்கிறவர்களுக்கும் ஈட்டியால் மீன் குத்துகிறவர்களுக்கும் அவர்தான் தலைவர். யாரும் ஓட்டுப் போட்டு ஆக்கிய தலைவர் இல்லை. கடலில் ஒரு பையனுக்கு ஏதாவது என்றால் முதல் போன் அவருக்கு, இரண்டாவது எனக்கு. இப்போது முதல் போனே எனக்கு வருகிறது.

போன வாரம் அப்படி வந்த போனில் ஒரு இளைஞனைக் கொண்டுவந்தார்கள். தனியாகப் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்குப் போய்க் களவா மீன் குத்த முங்கியவன். நான் செய்ய எதுவும் மிச்சமில்லை. வள்ளத்தில் கிடந்த அவன் ஈட்டியில் மீன் அப்படியே இருந்தது. "அவ்வளவு தம் உள்ள புள்ள, எப்படி டாக்டர்?" என்று அவன் வாப்பா கேட்டார்.

தம், அதாவது மூச்சடக்கும் திறன், உள்ளவர்கள்தான் இப்படிப் போகிறார்கள். மூச்சு முட்டுகிற உணர்வு ஆக்ஸிஜன் குறைவதால் வருவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருகிறது. முங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும், ஆக்ஸிஜன் பெரிதாக ஏறாது. மூச்சு முட்டாது, தம் கூடிவிட்டது போல இருக்கும். உண்மையில் எச்சரிக்கை மணியைத்தான் கழற்றி வைத்திருக்கிறோம்.

அடியில் இருக்கும்வரை ஆபத்து தெரியாது. 10 மீட்டரில், அதாவது ஏறக்குறைய ஐந்தரை பாகம் ஆழத்தில், அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்ஸிஜனும் மூளைக்குப் போதும். மேலே வர வர அழுத்தம் பாதியாகிறது, நுரையீரல் ஆக்ஸிஜனின் அழுத்தமும் கூடவே விழுகிறது. வெளிச்சம் தெரிகிற இடத்தில், கை நீட்டினால் வள்ளம் என்கிற தூரத்தில், நினைவு தப்பிவிடும். வலி இருக்காது, கத்தவும் மாட்டான். மேலே வந்து மூச்சு விட்ட பிறகுகூடச் சில நொடிகளில் மயங்கலாம். அதனால் வந்தவனை அரை நிமிடமாவது கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும்.

காக்காவுக்கு இந்த விஞ்ஞானம் எதுவும் தெரியாது. ஆனால் முங்கப் போகிற எவனிடமும் ஒரே கேள்விதான்: "மேல ஒருத்தன் நிக்கிறானா?" இல்லை என்றால் ஈட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். முத்துக் குளித்த காலத்தில் மச்சானைத்தான் கயிறு பிடிக்க விடுவார்களாம், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது என்பதால். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். இடுப்பில் கட்டும் ஈயத்தை ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சாகத்தான் போடச் சொல்வார். ஒவ்வொரு பையனின் முடிச்சையும் தானே இழுத்துப் பார்ப்பார்.

எட்டு வருடம் முன்பு அவர் கண் முன்னால் ஒருவன் மயங்கினான். அன்று அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஈயத்தை அவிழ்த்துவிட்டார். முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கண்ணாடியைக் கழற்றினார். கன்னத்தில் தட்டி, முகத்தில் ஊதி, பெயரைச் சொல்லி "மூச்சு விடு, மூச்சு விடு" என்றார். பையன் இருமி மூச்சு விட்டான். இன்று அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

அப்படியும் மூச்சு வரவில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். வள்ளத்தில் ஏற்றியதும் முதலில் மூச்சு, பிறகு 30 முறை நெஞ்சை அமுக்கி 2 மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் நம் கரையில் நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள், அந்த நிமிடங்கள்தான் உயிர். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத்திணறல் தெரியும்.

காக்கா கடலில் போகவில்லை. தன் வீட்டுக் கட்டிலில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கப் போனார். அவர் கேட்ட கேள்வியைக் கேட்க இப்போது கரையில் ஆள் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அவர் வலை உலர்த்திய வேம்படியில் நான் இருப்பேன். மூச்சு கொடுப்பதைப் பொம்மை வைத்துச் சொல்லித் தருகிறேன். தனியாக வராதீர்கள், உங்களோடு முங்குகிறவனையும் கூட்டி வாருங்கள். ஈயக் கச்சையையும் கட்டிக்கொண்டு வாருங்கள், முடிச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்.