கரப்பான் ஸ்பிரேக்குக் கரையான் போகாது

"கதவு நிலையில மண்ணு கோடு ஏறியிருந்துச்சு, கரப்பான் ஸ்பிரே அடிச்சேன், போயிடுச்சு. இப்ப பூஜை அலமாரியில வருது." மழை விட்டதும் ஓயாமல் வரும் புகார் இது. போகவில்லைங்க, வழி மாறியிருக்கிறது.

கோட்டுக்குள் இருப்பவை வேலைக்காரக் கரையான்களும் காவல் கரையான்களும் மட்டும். வயல் ஓரத்தில் ஆளுயரப் புற்று எழுப்பும் ஓடோன்டோடெர்மஸ் ஒபேசஸ் என்ற கரையானுக்கு ராணி மண்ணுக்கடியில் இருக்கிறது. அரித்த மரத்தைப் புற்றுக்குள் கொண்டுபோய் அதில் பூஞ்சை வளர்த்துத் தின்கிறது. ஸ்பிரே, பட்டதை மட்டும் கொல்லும். தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் ராணி அதை ஈடுகட்டிவிடும். மீதிக் கரையான்கள், மருந்து பட்ட பாதையை ஒதுக்கி, வேறு விரிசலில் ஏறும். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் இதே கதைதான். கோட்டைத் துடைத்தும் வைக்காதீர்கள். எங்கிருந்து ஏறுகிறது என்று அதை வைத்துத்தான் பார்க்கிறோம்.

"ரெண்டும் ஒரே இனம்தானே?" உண்மைதான். 2007-இல் வந்த மரபணு ஆய்வு கரையானைக் கரப்பான் வரிசைக்குள்ளேயே சேர்த்தது. அதற்காக மருந்தும் ஒன்றாகிவிடாது. சமையலறையில் ஓடும் ஜெர்மன் கரப்பான் (ஒன்றரை சென்டிமீட்டர், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு) ராணியும் புற்றும் இல்லாதது. ஒவ்வொரு பெண்ணும் 30, 40 முட்டை உள்ள உறையைப் பொரிக்கும் தறுவாய்வரை வயிற்று நுனியில் சுமந்து திரியும். இதற்கு ஜெல் (தின்ன வைக்கும் பசை மருந்து) போதும். அலமாரிக் கீல், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அடுப்புக்கு அடியில் பயறளவுப் புள்ளிகள். தின்றது இடுக்கில் போய்ச் சாகும், அதன் எச்சத்தைத் தின்ற குஞ்சும் சாகும். ஜெல் பக்கத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அதைத் தொடாது, காசு வீண்.

கரையானுக்கு மருந்து மண்ணில் இறங்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை, இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. (தண்ணீரில் கலக்கும் திரவ மருந்து) லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, துளைக்கு ஒரு லிட்டர் வரை இறக்கி, சிமென்ட்டால் அடைக்க வேண்டும். இந்த மருந்து இருப்பதே கரையானுக்குத் தெரியாது. நடந்துபோய் மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கும். "கூட ஊத்துங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அளவு மீறினால் வழியிலேயே செத்துவிடும், கொண்டுபோய்ச் சேர்க்காது.

துளை போடுமுன் வயரிங், தண்ணீர்க் குழாய் போகும் வழியைக் காட்டுங்கள். கிணறோ போரோ அருகில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் (இறகு முளைத்த கரையான்) கிளம்பினால், இறகு கொட்டிய இடத்தைப் பெருக்குமுன் போட்டோ எடுத்து வையுங்கள்.