சொல் விளக்கம்: மார்ஷ்மெல்லோவும் அதன் மொறுமொறு வடிவமும்

மார்ஷ்மெல்லோ என்றதும் விரலால் அழுத்தினால் குழிந்து மறுபடி எழும்பும் அந்த வெள்ளை மிட்டாய்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காய்ந்த வடிவம் ஒன்றும் உண்டு. பொடிப்பொடித் துண்டுகளாக இருக்கும். கடித்தால் நறுக்கென்று உடையும். உடைந்த வேகத்தில் நாக்கில் கரைந்துவிடும். அமெரிக்காவில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியப் பெட்டிகளிலும், சூடான சாக்லேட் பானத்துக்கான பொடிப் பொட்டலங்களிலும் இருப்பது இதுதான். வீட்டு அடுப்பிலேயே இதைச் செய்துவிடலாம். ஆனால் தமிழில் இதற்குப் பெயர் எழுத வரும்போது ‘உலர்ந்த மார்ஷ்மெல்லோ’ என்றும் ‘கிரஞ்சி மார்ஷ்மெல்லோ’ என்றும் ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்பதுதான் முறை.

மார்ஷ்மெல்லோ முதலில் ஒரு செடியின் பெயர். ஆங்கிலத்தில் மார்ஷ் என்றால் சதுப்பு நிலம். மாலோ என்பது ஒரு செடிவகை. ‘மெல்லோ’ என்று நாம் எழுதுவதால் மென்மையைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லோடும், நம்முடைய ‘மெல்’ என்ற வேரோடும் இதை முடிச்சுப் போடத் தோன்றும். அந்த முடிச்சு வேண்டாம். மாலோ என்பது லத்தீனில் செடியைக் குறித்த ‘மால்வா’ என்ற சொல்லிலிருந்து பழைய ஆங்கிலத்துக்குப் போனது. கிரேக்கத்தில் அதே செடிக்கு ‘மலாக்கே’ என்று பெயர். இந்தச் சொற்குடும்பம் வேறு சில இடங்களிலும் எட்டிப்பார்க்கிறது. மாலோ பூவுக்குப் பிரெஞ்சில் ‘மோவ்’ என்று பெயர். 1856இல் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி பெர்கின், மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்கப் போய், எதிர்பாராமல் கண்டெடுத்த ஊதாச் சாயத்துக்கு அந்தப் பூவின் பெயரே ஒட்டிக்கொண்டது.

செடியின் அறிவியல் பெயர் அல்தேயா அஃபிசினாலிஸ். ‘அல்தேயா’ என்பதற்குக் கிரேக்க வழியில் ‘குணமாக்குவது’ என்று பொருள். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் ஈரமான ஆற்றோரங்களிலும் உப்புநீர்ச் சதுப்புகளின் விளிம்பிலும் வளர்வது. வேரைத் தண்ணீரில் ஊறவைத்தால் வழவழவென்று ஒரு சாறு இறங்கும். தொண்டைக் கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் அதைத்தான் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள்.

இங்கேதான் தமிழுக்கு உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. இந்தச் செடி மால்வேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூவரசு, துத்தி எல்லாம் அதே குடும்பம். வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் இழுபடும் அந்தக் கொழகொழப்பும், மார்ஷ்மெல்லோ வேரில் இறங்கும் வழவழப்பும் ஒரே வகைப் பொருள். இவற்றில் துத்தி ரொம்பவே நெருங்கிய உறவு. வேலியோரத்திலும் தரிசிலும் தானாக முளைத்து நிற்குமே, இதய வடிவில் வெல்வெட் போன்ற இலையும், மஞ்சள் பூவும், பல்சக்கரம் மாதிரி வட்டமான காயும் கொண்ட செடி, அதேதான். ஆங்கிலத்தில் துத்திக்குப் பெயரே ‘இந்தியன் மாலோ’. மூலநோய்க்குத் துத்தி இலையைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது.

ஆகவே அல்தேயாவை நம் மூலிகை நூல்கள் சீமைத்துத்தி என்று குறித்தது மிகச் சரியான பெயரீடு. கடல் கடந்து வந்ததற்கெல்லாம் ‘சீமை’ சேர்ப்பது நம் பழக்கம். சீமைக்கருவேலம், சீமை அகத்தி வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் வேண்டுமென்றால் சதுப்புத்துத்தி எனலாம், அதுவும் பிழையில்லை. ஆனாலும் ஏற்கெனவே பெயர் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? செடியைப் பற்றி எழுதுகிறவர்கள் சீமைத்துத்தி என்றே எழுதலாம்.

செடியின் பெயர் மிட்டாய்க்கு வந்தது பிரான்ஸ் வழியாக. 19ஆம் நூற்றாண்டில் அங்கே மிட்டாய் செய்பவர்கள் இந்த வேரின் சாற்றோடு சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து நுரைக்க அடித்து, மெத்தென்ற ஒரு பண்டம் செய்தார்கள். இருமல் மருந்து தின்பண்டமான கதை அது. கையால் அடித்து, அச்சில் ஊற்றிக் காயவைத்து எடுக்க வேண்டும், வேலை அதிகம். பிறகு வேர்ச்சாற்றின் இடத்தை ஜெலட்டின் பிடித்துக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் மார்ஷ்மெல்லோவில் சீமைத்துத்தி துளிகூட இருக்காது. சர்க்கரை, சோளப்பாகு, ஜெலட்டின், தண்ணீர், காற்று, அவ்வளவுதான். 1950களில் அமெரிக்காவின் அலெக்ஸ் டூமாக் இந்தக் கலவையைக் குழாய் வழியாகக் கயிறுபோலப் பிதுக்கி வெட்டும் முறையைக் கொண்டுவந்த பிறகு இது மலிவான ஆலைப் பண்டம் ஆகிவிட்டது. மருந்துச்செடி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

காய்ந்த வடிவத்துக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வழங்கும் சொல் ‘மார்பிட்ஸ்’. மார்ஷ்மெல்லோவின் முதல் அசையோடு, துண்டு என்று பொருள்படும் ‘பிட்ஸ்’ சேர்த்து ஒட்டிய சொல். இது பரவியதற்கு ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் லக்கி சார்ம்ஸ் என்ற தானிய உணவு காரணம். அந்த நிறுவனத்தில் இருந்த ஜான் ஹோலஹன், ‘சர்க்கஸ் பீனட்ஸ்’ என்ற பழைய ஆரஞ்சு நிற மார்ஷ்மெல்லோ மிட்டாயைப் பொடியாக வெட்டி ஓட்ஸ் தானியத்தோடு கலந்து பார்த்தார். அதிலிருந்து பிறந்த லக்கி சார்ம்ஸ் 1964இல் கடைக்கு வந்தது. இளஞ்சிவப்பு இதயம், மஞ்சள் பிறை, ஆரஞ்சு நட்சத்திரம், பச்சை இலை என்று முதலில் நான்கு உருவங்கள். இதை உறைய வைத்து உலர்த்திய பண்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உறையவைத்து உலர்த்தினால் மார்ஷ்மெல்லோ பந்துபோல உப்பிவிடும். மார்பிட்ஸ் உப்பாமல், சுருங்காமல், வடிவம் கலையாமல் வெறும் சூடான காற்றில் காய்ந்தது.

சரி, மெத்தென்று இருப்பது எப்படி மொறுமொறுப்பாகிறது? தூத்துக்குடி மக்ரூன் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி கலந்து, கூம்பாக வைத்து, இளஞ்சூட்டில் மெதுவாகக் காயவிடுகிறார்கள். நுரையில் இருக்கும் தண்ணீர் போனால் மிஞ்சுவது காற்றறைகளைச் சுற்றிய மெல்லிய சர்க்கரைச் சுவர். கடித்ததும் அது உடைகிறது. மார்ஷ்மெல்லோவிலும் அதே கதைதான். மெத்தென்ற நிலையில் அதன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் சர்க்கரையையும் ஜெலட்டினையும் வளைந்து கொடுக்க வைக்கிறது. அது வெளியேறியதும் சுவர்கள் கண்ணாடிபோல விறைத்துவிடுகின்றன. ஆக நம் வேலை ஒன்றுதான்: நுரை உடையாமல் தண்ணீரை மட்டும் எடுப்பது.

கடையில் வாங்கிய மினி மார்ஷ்மெல்லோவில் தொடங்குவது சுலபம். பெரியதுதான் கிடைத்தது என்றால் கத்தரிக்கோலை கார்ன்ஃப்ளோரில் தோய்த்துத் தோய்த்துச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டுங்கள். வெட்டிய முகம் பிசுபிசுக்கும். கார்ன்ஃப்ளோரில் புரட்டிச் சல்லடையில் சலித்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. தட்டில் பேக்கிங் தாள் விரித்து, இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். ஓவனின் சூடு 90 முதல் 95 டிகிரி செல்சியஸ். அதற்குமேல் வேண்டவே வேண்டாம். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து துண்டு உப்பும். சுவர் இளகி, பிறகு அப்படியே அமுங்கிப் பிசின் ஆகிவிடும். நிறமும் பழுப்பாகி, கருகிய பாகு வாசனை வந்துவிடும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள்.

வெந்ததா என்று சூட்டில் பார்க்கக் கூடாது. சூடாக இருக்கும்போது நன்றாகக் காய்ந்த துண்டுகூட ரப்பர் மாதிரிதான் இருக்கும். ஒன்றை வெளியே எடுத்து வைத்து, முழுக்க ஆறியதும் இரண்டாக ஒடித்துப் பாருங்கள். நடுவில் நூல்போல இழுபட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி உள்ளே போக வேண்டும். சுண்ணாம்புக் கட்டியைப்போல் சுத்தமாக ஒடிந்து, உடைந்த இடத்தில் பொடி உதிர்ந்தால் ஆயிற்று. உணவு உலர்த்தி இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. 65 முதல் 70 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டால் போதும்.

ஆரம்பத்திலிருந்து வீட்டிலேயே செய்வதென்றால், ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துவிட்டு, சர்க்கரையையும் லிக்விட் குளுக்கோஸையும் 115 டிகிரி வரும்வரை காய்ச்ச வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலில் மெத்தென்று உருண்டு வரும் பதம் அது. பாகை ஜெலட்டின் மேல் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே, கெட்டியாக வெளுக்கும்வரை பீட்டரால் அடிக்க வேண்டும். கேக் அலங்கரிக்கும் பையில் போட்டு, கார்ன்ஃப்ளோர் தூவிய தட்டில் நீளநீளக் கயிறாகப் பிழிந்து, ஒரு நாள் ஆறவிட்டு வெட்டி, மேலே சொன்னபடி காயவையுங்கள். மொறுமொறுப்புக்காகவே செய்கிறீர்கள் என்றால் குளுக்கோஸைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டுவது நல்லது; குளுக்கோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதே காரணத்தால் ஆறியதும் காற்றுப்புகாத கண்ணாடிப் பாட்டிலுக்குப் போய்விட வேண்டும். மழைநாளில் திறந்த தட்டில் விட்டால் மறுபடி மெத்தென்றாகிவிடும். ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது.

இனி பெயருக்கு வருவோம். ‘பஞ்சு மிட்டாய்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரைத் திருவிழாவில் குச்சியில் சுற்றித் தரும் மிட்டாய் எப்போதோ எடுத்துக்கொண்டது. சீன மொழியில் இந்தச் சிக்கல் நிஜமாகவே இருக்கிறது. மார்ஷ்மெல்லோவுக்கும் பஞ்சு மிட்டாய்க்கும் அங்கே ‘பருத்திச் சர்க்கரை’ என்று ஒரே சொல், எது என்று சூழலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தே அந்தக் குழப்பத்தை நாம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ‘துத்தி மிட்டாய்’ எனலாமா என்றால், வேர்ச்சாறு இருந்த காலத்துக்கு அது பொருந்தும். துத்தியே இல்லாத பண்டத்துக்கு அந்தப் பெயர் வைத்தால், மூலிகை மிட்டாய் என்று நம்பி வாங்குவார்கள்.

செய்முறையைப் பெயராக்கிய மொழிகள்தான் எனக்கு வழிகாட்டுகின்றன. ஃபின்னிஷ் மொழியில் ‘வாக்தோகார்க்கி’. வாக்தோ என்றால் நுரை, கார்க்கி என்றால் மிட்டாய். டேனிஷ் சொல்லான ‘ஸ்கும்ஃபிடூஸ்’ என்பதிலும் முதலில் வருவது நுரைதான். தமிழில் நுரைமிட்டாய். சொல்லும்போதே பொருள் விளங்குகிறது. வேறெந்தப் பண்டத்தோடும் மோதவில்லை. வெள்ளைக்கருவில் செய்தாலும் ஜெலட்டினில் செய்தாலும் பொருந்துகிறது. மிட்டாய் என்பது வடக்கிலிருந்து வந்த சொல்தான். ஆனால் தேன்மிட்டாய், கடலைமிட்டாய், கமர்கட்டு மிட்டாய் என்று நம் நாவில் ஊறிப்போன சொல்லை விலக்கிவிட்டு யாரும் வாங்காத சொல்லை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

காய்ந்த துண்டுக்கு ‘மிட்டாய்ப் பொரி’ என்று ஒரு யோசனை வரலாம். பொரி என்றால் சூட்டில் உப்ப வேண்டும். இது உப்பக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடுபடுகிறோம்? அதனால் பொரி சரிப்படாது. சில்லு என்ற சொல் இருக்கிறது. தேங்காய்ச் சில்லு, சில்லுக் கருப்பட்டி என்று சிறு துண்டுக்கு நாம் புழங்குவது. மார்பிட்ஸில் இருக்கும் ‘பிட்ஸ்’ என்பதற்கும் அதே பொருள்தான். எனவே நுரைச்சில்லு. ‘பாலில் ஒரு கைப்பிடி நுரைச்சில்லு போட்டுக் கொடு’, ‘நுரைமிட்டாயை வெட்டிக் காயவைத்தால் நுரைச்சில்லு’ என்று சொல்லிப் பாருங்கள், எங்கும் இடறவில்லை. புதியவர்களுக்காக முதல் தடவை மட்டும் மார்ஷ்மெல்லோ என்று சேர்த்து எழுதினால் போதும்.

ஒரு விஷயம் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெலட்டின் என்பது பன்றி, மாடு போன்ற விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிறவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் பொட்டலத்தில் ஜெலட்டின் இருக்கிறதா, இருந்தால் எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்கு மாற்றாகக் கடல்பாசியில் செய்யலாம். மன்னார் வளைகுடாக் கரையில் ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளிலிருந்து தயாராகும் அகர் அகர்தான் அது. ஆனால் ஜெலட்டின் மாதிரி அதை அடித்தால் நுரை நிற்காது. நுரை நிற்கக் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரைச் சேர்த்து அடிக்கிறார்கள். அந்த வகையைப் பாசி நுரைமிட்டாய் என்றே பிரித்து எழுதிவிட்டால், வாங்குகிறவர் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.